தொலைநோக்கிக்கான மோட்டார் ஃபோகசரை வீட்டில் அமைத்தல்

மோட்டார் ஃபோகசர் என்பது தொலைநோக்கியின் குவியத்தைக் கையால் தொடாமல், மின்மோட்டாரின் உதவியால் சரிசெய்யும் கருவி ஆகும். நிலவையோ கோள்களையோ கண்ணால் பார்ப்பவருக்கு இது கட்டாயமில்லை. குமிழைத் திருகிக்கொண்டே வந்து, படிமம் தெளிவாகும் இடத்தில் நிறுத்தினால் போதும்; மிச்சமிருக்கும் சிறு பிழையைக் கண்ணே ஈடுகட்டிக்கொள்ளும். ஒளிப்படக் கருவியின் உணரிக்கு அந்தத் திறன் கிடையாது.

ஒரு நெபுலாவைப் படமெடுப்பவர், பல நிமிட எக்ஸ்போஷர்களாக மூன்று நான்கு மணி நேரம் அதையே பதிவு செய்து, பின்னர் அவற்றை அடுக்கி ஒரே படமாக்குகிறார். இடையில் குவியம் சற்று விலகினால் கணினித் திரையில் சிறிதாகத் தெரியும் படத்தில் அது கண்ணில் படாது. மறுநாள் முழு அளவில் திறக்கும்போதுதான் விண்மீன்கள் புள்ளிகளாக இல்லாமல் வட்டுகளாக உப்பியிருப்பது தெரியும். குவியம் தவறிய படத்தை எந்த மென்பொருளாலும் முழுமையாக மீட்க முடியாது. நிலவும் மேகமும் இல்லாத இரவுகள் ஆண்டில் சிலவே கிடைக்கும் நிலையில், இது சிறிய இழப்பு அல்ல.

கடைகளில் விற்கும் மோட்டார் ஃபோகசர்களின் உள்ளே இருப்பதும் ஒரு ஸ்டெப்பர் மோட்டார், ஒரு மைக்ரோகண்ட்ரோலர், ஒரு யூஎஸ்பி இணைப்பு ஆகியவைதாம். இவை மூன்றும் மின்னணுப் பொருள் கடைகளில் தனித்தனியே கிடைப்பதால், பல நாடுகளிலும் பொழுதுபோக்கு வானியலாளர்கள் இதைத் தாங்களே செய்துகொள்கிறார்கள். மோட்டாரைச் சுற்றவைப்பது இதில் எளிய பகுதி. கருவி பயன்படுமா, படாதா என்பதைத் தீர்மானிப்பவை வேறு இரண்டு: மோட்டாரின் ஒரு படி உட்குழாயை எவ்வளவு தூரம் நகர்த்துகிறது என்பதும், திசை மாறும்போது எத்தனை படிகள் வீணாகின்றன என்பதும்.

எவ்வளவு துல்லியம் தேவை

ஒளி ஓர் அலை என்பதால், பிழையே இல்லாத தொலைநோக்கியிலும் விண்மீன் ஒரு புள்ளியாகக் குவிவதில்லை. ஏய்ரி வட்டு எனப்படும் ஒரு சிறு வட்டாகத்தான் உணரியில் விழுகிறது. 19ஆம் நூற்றாண்டின் ஆங்கில வானியலாளர் ஜார்ஜ் பிடெல் ஏய்ரியின் பெயரால் இது வழங்கப்படுகிறது. இதன் விட்டம் 2.44 × அலைநீளம் × குவிய விகிதம். குவிய விகிதம் என்பது குவியத்தூரத்தை முகப்பு விட்டத்தால் வகுத்தால் வரும் எண். 200 மி.மீ. விட்டமும் 1000 மி.மீ. குவியத்தூரமும் கொண்ட நியூட்டன் வகைத் தொலைநோக்கியின் குவிய விகிதம் 5. வழக்கமாக எஃப்/5 என்று குறிக்கப்படும். பச்சை ஒளியின் அலைநீளத்தை 0.55 மைக்ரான் என்று கொண்டால், இந்தத் தொலைநோக்கியில் ஏய்ரி வட்டின் விட்டம் சுமார் 6.7 மைக்ரான். ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு.

உணரி குவியத்திலிருந்து விலகினால், அங்கே ஒளிக்கூம்பு அகன்றிருக்கும். எஃப்/5 கூம்பில் 5 மைக்ரான் விலகலுக்கு 1 மைக்ரான் அகலம் கூடும். இந்த அகலம் ஏய்ரி வட்டின் விட்டத்தைத் தாண்டாத வரை படிமம் கூர்மையாகவே இருப்பதாகக் கொள்ளலாம். அப்படியானால் ஒரு பக்கம் 6.7 × 5, அதாவது 33.5 மைக்ரான், இரு பக்கமும் சேர்த்து 67 மைக்ரான். இந்தக் குறுகிய இடைவெளியே நுண்குவிய மண்டலம். ஒரே சூத்திரமாகச் சொன்னால் 4.88 × அலைநீளம் × குவிய விகிதத்தின் வர்க்கம்.

வர்க்கம் இருப்பதால் குவிய விகிதம் சிறிது மாறினாலும் விளைவு பெரிதாக மாறும். எஃப்/4 தொலைநோக்கிக்கு நுண்குவிய மண்டலம் 43 மைக்ரான்தான், எஃப்/7.5 ஒளிவிலகல் தொலைநோக்கிக்கு ஏறத்தாழ 150. எஃப்/10 கருவிக்கு 268. வேகமான தொலைநோக்கி வாங்கியவர்கள் குவியத்தோடு மல்லுக்கட்டுவதற்குக் காரணம் இதுவே.

மேற்கண்ட கணக்கு வளிமண்டலத்தைக் கணக்கில் எடுக்கவில்லை. காற்றின் கொந்தளிப்பால் விண்மீனின் படிமம் 3 வில்விநாடி அளவுக்குப் பரவினால், 1000 மி.மீ. குவியத்தூரத்தில் அது உணரியின் மேல் 14.5 மைக்ரான் அகலமுள்ள வட்டாக இருக்கும். ஆகவே அனுமதிக்கக்கூடிய விலகலும் ஏறத்தாழ இரு மடங்காகிறது. ஆயினும் கருவியை வடிவமைக்கும்போது கடுமையான எண்ணையே வைத்துக்கொள்வது நல்லது. காற்று அமைதியான இரவு எப்போதாவது வரும். அன்றைக்குக் கருவி தடையாக இருக்கக் கூடாது.

குவியம் ஏன் நகர்கிறது

மாலையில் ஒரு முறை சரியாக அமைத்துத் திருகை இறுக்கிவிட்டால் போதாதா என்ற கேள்வி இயல்பானது. போதாமைக்கு முதன்மைக் காரணம் வெப்பநிலை. அலுமினியம் ஒரு பாகை செல்சியஸுக்குத் தன் நீளத்தில் பத்து லட்சத்தில் 23 பங்கு சுருங்குகிறது. 600 மி.மீ. நீள அலுமினியக் குழாய், வெப்பநிலை 5 பாகை குறையும்போது 69 மைக்ரான் குறுகும். அதே குறைவுக்கு ஒரு மீட்டர் அலுமினியக் குழாய் 115 மைக்ரான் குறுகும். எஃகின் சுருக்கம் இதில் ஏறத்தாழப் பாதி. வில்லைத் தொலைநோக்கிகளில் குழாயோடு வில்லையின் ஒளிவிலகல் எண்ணும் மாறுவதால், மொத்த நகர்வைக் காகிதத்தில் கணக்கிடுவதைவிட அளந்து அறிவதே உறுதியானது.

ஸ்மிட்–காசெகிரெய்ன் வகையில் நிலைமை இன்னும் கூர்மையானது. எஃப்/2 முதன்மை ஆடியும், அதை ஐந்து மடங்கு பெருக்கும் துணை ஆடியும் கொண்ட எஃப்/10 கருவியில், இரு ஆடிகளுக்கும் இடையிலான தூரம் 10 மைக்ரான் மாறினால் குவியம் சுமார் 260 மைக்ரான் நகரும்.

வெப்பநிலை தவிர, தொலைநோக்கி கிழக்கிலிருந்து மேற்குக்குத் திரும்பும்போது கேமராவின் எடை வேறு திசையில் இழுப்பதும், வடிகட்டி மாறும்போது கண்ணாடித் தடிமன் மாறுவதும் குவியத்தைத் தொந்தரவு செய்யும். ஒவ்வொரு முறையும் எழுந்து போய்க் குமிழைத் தொட்டால் தொலைநோக்கி அதிர்ந்து அடங்கச் சில விநாடிகள் ஆகும். அந்த நேரத்தில் திரையில் எதையும் மதிப்பிட முடியாது.

எந்த ஃபோகசரின் மேல் பொருத்துகிறோம்

மோட்டார் புதிதாக எதையும் நகர்த்துவதில்லை. ஏற்கெனவே இருக்கும் ஃபோகசரின் தண்டைத்தான் சுழற்றுகிறது. எனவே அந்த ஃபோகசரின் வகை தெரிந்திருக்க வேண்டும். பற்சட்டமும் பற்சக்கரமும் கொண்ட வகையில் தண்டின் பற்கள் உட்குழாயின் அடியிலுள்ள பற்சட்டத்தை நேரடியாகத் தள்ளும். இது நழுவாது, ஆனால் பற்களுக்கு இடையே சிறு தளர்வு இருக்கும்.

கிரேஃபோர்டு வகையில் பற்களே கிடையாது. ஓர் எஃகுத் தண்டு உட்குழாயின் தட்டையான பரப்பை அழுத்தியபடி உராய்வால் மட்டுமே நகர்த்துகிறது. எதிர்ப்புறம் பேரிங்குகள் தாங்குகின்றன. இங்கிலாந்தின் கிரேஃபோர்டு மேனர் ஹவுஸ் வானியல் சங்கத்தைச் சேர்ந்த ஜான் வால் 1970களின் தொடக்கத்தில் உருவாக்கிய வடிவமைப்பு இது. அவர் காப்புரிமை பெறாமல் அனைவரும் செய்துகொள்ளட்டும் என்று விட்டுவிட்டதால், இன்று உலகெங்கும் பல தொழிற்சாலைகள் இதைச் செய்கின்றன. இதில் பல் தளர்வு இல்லை. ஆனால் கனமான கேமராவை மாட்டித் தொலைநோக்கியை உச்சிவானுக்குத் திருப்பினால் உட்குழாய் நழுவக்கூடும். நழுவினால் மோட்டார் எண்ணும் படிக்கும் உட்குழாய் இருக்கும் இடத்துக்கும் தொடர்பு அறுந்துவிடும். மோட்டாரை வாங்கும் முன்பே கேமராவை மாட்டி, குழாயை நேர் மேலே நிறுத்தி, குமிழை முன்னும் பின்னும் பலமுறை திருகி இதைச் சோதிக்க வேண்டும். நழுவினால் அழுத்தத் திருகை இறுக்கலாம். அப்போது மோட்டாருக்குச் சுமை கூடும்.

இவ்விரு வகைகளிலும் பத்துக்கு ஒன்று என்ற நுண்குமிழ் இருந்தால் வேலை பெரிதும் எளிதாகும்.

மோட்டாரும் படியின் அளவும்

சாதாரண நேர்மின் மோட்டாரும் குமிழைச் சுற்றும். முன்பு பலர் அதைத்தான் பயன்படுத்தினார்கள். எவ்வளவு சுற்றியது என்பதை அதனால் சொல்ல முடியாது என்பதே குறை. சற்றுமுன் இருந்த இடத்துக்கே திரும்பிப் போகச் சொல்லக் கணினிக்கு ஓர் எண் வேண்டும். ஸ்டெப்பர் மோட்டார், கட்டளைக்கு ஒரு படி என்று திட்டமான கோணத்தில் சுழல்வதால் அந்த எண்ணைத் தருகிறது.

மலிவான தேர்வு 28பிஒய்ஜே-48 என்ற 5 வோல்ட் மோட்டார். குளிர்சாதனப் பெட்டிகளில் காற்றுத் தடுப்பிதழ்களை அசைக்கப் பயன்படும் அதே வகை. உள்ளே 64க்கு 1 என்ற பற்சக்கரத் தொகுதி இருப்பதால் வெளித்தண்டு ஒரு சுற்றுக்கு 2048 முழுப்படிகள் எடுக்கும். உண்மையான விகிதம் 64 அல்ல, 63.68 என்பதால் சரியான எண்ணிக்கை சுமார் 2038. கடிகாரம் செய்பவருக்கு இந்த வேறுபாடு தலைவலி. ஃபோகசருக்கு ஒரு பொருட்டே இல்லை, ஏனெனில் இங்கே சுற்றை யாரும் எண்ணுவதில்லை, படியைத்தான் எண்ணுகிறோம்.

ஒரு மாதிரிக் கணக்கு பார்க்கலாம். பெருங்குமிழ் ஒரு சுற்றுக்கு உட்குழாயை 20 மி.மீ. நகர்த்துகிறது என்று கொள்வோம். இது ஃபோகசருக்கு ஃபோகசர் மாறும். வெர்னியர் காலிப்பரால் அளந்துகொள்ள வேண்டும். 28பிஒய்ஜே-48 மோட்டாரை அந்தத் தண்டிலேயே இணைத்தால் ஒரு படி 20 ÷ 2048, அதாவது ஏறத்தாழ 9.8 மைக்ரான். எஃப்/5 கருவியின் 67 மைக்ரான் மண்டலத்துக்குள் இப்படி ஏழு படிகள் அடங்கும். ஐந்துக்குக் குறையாமல் அடங்கினால் பணி நடக்கும். பத்து அடங்கினால் நிம்மதி. அதே மோட்டாரை நுண்குமிழில் இணைத்தால் ஒரு படி ஒரு மைக்ரானுக்கும் சற்றுக் குறைவு. இவ்வளவு நுண்மை தேவையே இல்லை. நகர்வும் மிக மெதுவாகிவிடும்.

சுமையையும் பார்க்க வேண்டும். இந்த மோட்டாரின் திருப்பு விசை சுமார் 34 மில்லி நியூட்டன் மீட்டர். ஒரு சுற்றுக்கு 20 மி.மீ. நகர்த்தும் தண்டின் ஆரம் 3.2 மி.மீ. அளவில் இருக்கும். வகுத்தால் கிடைக்கும் விசை 10.7 நியூட்டன், அதாவது சுமார் 1.1 கிலோ எடையைத் தூக்கும் அளவு. உராய்வு இதில் கணிசமான பங்கைத் தின்றுவிடும். இலகுவான கேமராவுக்குப் பெருங்குமிழ் இணைப்பு தாங்கும். வடிகட்டிச் சக்கரமும் குளிரூட்டப்பட்ட கேமராவும் மாட்டியவர் நுண்குமிழுக்கோ வலுவான மோட்டாருக்கோ மாறுவதே சரி.

வலுவான மோட்டார் என்றால் முப்பரிமாண அச்சுப்பொறிகளில் இருக்கும் நெமா 17 அளவு மோட்டார். இதன் பிடிப்பு விசை முன்னதைவிடப் பத்து மடங்கு அளவில் இருக்கும். ஆனால் ஒரு சுற்றுக்கு 200 படிகள்தான். பெருங்குமிழில் நேரடியாக இணைத்தால் ஒரு படி 100 மைக்ரான். எஃப்/5 கருவியின் மண்டலத்தை ஒரே தாவலில் கடந்துவிடும். மின்சுற்றால் படியை 16 கூறுகளாகப் பிரித்து 6.25 மைக்ரான் என்று தாளில் காட்டலாம்தான். சுமை இருக்கும்போது அந்தக் கூறுகள் ஒரே அளவில் விழுவதில்லை. மின்னோட்டத்தை நிறுத்தினால் தண்டு அருகிலுள்ள முழுப்படிக்குத் தாவிவிடும். ஆகவே நுண்கூறுகளை நம்புவதைவிட, நெமா 17 மோட்டாரை நுண்குமிழில் இணைத்து ஒரு முழுப்படிக்கு 10 மைக்ரான் பெறுவது மேல். நுண்குமிழ் இல்லாத ஃபோகசரில் 20 பல் புல்லியும் 60 பல் புல்லியும் கொண்ட பெல்ட் இணைப்பால் மும்மடங்கு குறைத்து, அரைப்படி அல்லது கால்படியோடு நிறுத்திக்கொள்ளலாம்.

பொருத்துதல்

அல்லென் சாவியால் சிறு திருகைத் தளர்த்தி ஒரு பக்கப் பெருங்குமிழைக் கழற்றினால் தண்டு வெளிப்படும். நுண்குமிழ் உள்ள பக்கத்தை அப்படியே விட்டுவைப்பது நல்லது. மோட்டார் பழுதானால் கையால் தொடரலாம். தண்டின் விட்டத்தை அளந்து, ஒரு முனை அதற்கும் மறுமுனை மோட்டாரின் 5 மி.மீ. தண்டுக்கும் பொருந்தும் கப்ளிங் வாங்க வேண்டும். இரு தண்டுகளும் ஒரே நேர்கோட்டில் அமைவது முக்கியம். சிறு கோணப் பிழையை நெகிழ்வான கப்ளிங் ஏற்றுக்கொள்ளும். பெரிய பிழை இருந்தால் ஒவ்வொரு சுற்றிலும் தண்டு பக்கவாட்டில் இழுபட்டு, விண்மீன் படத்தில் இடம்பெயர்வதே தெரியும். பெல்ட் முறையில் இந்த நேர்கோட்டுத் தொல்லை குறைவு. மோட்டாரையும் குழாயோடு ஒட்டி வைக்கலாம்.

மோட்டாரைத் தாங்க 3 மி.மீ. அலுமினிய எல் ஆங்கிள் போதும். ஃபோகசரின் அடியில் உள்ள திருகுகளில் இரண்டை நீளமான திருகுகளாக மாற்றி அதில் பொருத்தினால், தொலைநோக்கியில் புதிதாகத் துளை போட வேண்டியதில்லை. விரலால் அழுத்தினால் வளையும் தாங்கி, பிழையின் ஊற்று: மோட்டார் சுற்றும்போது முதலில் தாங்கி முறுக்கிக்கொள்ளும், பிறகுதான் உட்குழாய் நகரும். முப்பரிமாண அச்சில் செய்பவர்கள் பிஎல்ஏ பிளாஸ்டிக்கைத் தவிர்ப்பது நல்லது. அது 60 பாகை செல்சியஸ் அளவிலேயே இளகத் தொடங்கும். நம் ஊர் வெயிலில் நிறுத்திய காருக்குள் ஒரு பகல் கிடந்தால் தாங்கியின் வடிவம் மாறிவிடும். பிஇடிஜி சற்றுக் கூடுதல் வெப்பம் தாங்கும்.

ஃபோகசரின் பூட்டுத் திருகை இறுக்கிய நிலையில் மோட்டாரை இயக்கவே கூடாது. பெல்ட் இருந்தால் பல் தாவும், அதோடு போகும். நேரடி இணைப்பில் 28பிஒய்ஜே-48 மோட்டாரின் சிறு பற்சக்கரங்கள் தேய்ந்துபோகும்.

மின்சுற்று

28பிஒய்ஜே-48 மோட்டாருக்குத் துணையாக யுஎல்என்2003 சில்லு பொருத்திய சிறு பலகை பெரும்பாலும் மோட்டாரோடு சேர்த்தே விற்கப்படுகிறது. அதன் நான்கு உள்ளீடுகளை ஆர்டுயினோ நானோவின் நான்கு முனைகளில் இணைத்தால் முடிந்தது. சென்னையில் ரிச்சி தெருவில் இவை அனைத்தும் ஒரே நடையில் கிடைக்கும். மோட்டாரின் சுருள் ஒவ்வொன்றும் சுமார் 50 ஓம். ஒரே நேரத்தில் இரண்டு சுருள்கள் இயங்கினால் 200 மில்லியாம்பியர் வரை இழுக்கும். இதை ஆர்டுயினோவின் 5 வோல்ட் முனையிலிருந்து எடுக்காமல், தொலைநோக்கியின் 12 வோல்ட் பேட்டரியிலிருந்து ஒரு வோல்டேஜ் குறைப்பான் வழியாகத் தனியே கொடுத்து, இரு பக்கத் தரை இணைப்புகளையும் சேர்த்துவிட வேண்டும்.

நெமா 17 மோட்டாருக்கு ஏ4988 அல்லது டிஎம்சி2209 போன்ற இயக்கிப் பலகை தேவை. அதில் மின்னோட்ட வரம்பைச் சிறு திருகால் முதலில் அமைக்க வேண்டும். மோட்டார் மின்வழங்கலுக்குக் குறுக்கே, பலகைக்கு அருகிலேயே 100 மைக்ரோஃபாரட் மின்தேக்கி ஒன்று இருக்க வேண்டும். மின்சாரம் இருக்கும்போது மோட்டார் வயரைக் கழற்றினால் பலகை எரிந்துவிட வாய்ப்புண்டு. இருட்டில் வயர் தடுக்கிக் கழல்வது நடக்கக்கூடியதே. கொக்கியோடு கூடிய இணைப்பானைப் பயன்படுத்துவது சிக்கனமான காப்பு.

நகராத நேரத்தில் மோட்டாருக்கு மின்னோட்டம் தேவையா? பற்சக்கரத் தொகுதி உள்ள மோட்டாரில் அதன் உராய்வே உட்குழாயைப் பிடித்துக்கொள்ளும், மின்னோட்டத்தை அணைத்துவிடலாம். குழாயை ஒட்டிச் சூடான பொருள் எதுவும் இல்லாமலிருப்பது படிமத்துக்கும் நல்லது. பற்சக்கரம் இல்லாத நெமா மோட்டாரில், கேமராவின் எடையை உராய்வு தாங்குகிறதா என்று பார்த்துத்தான் முடிவுசெய்ய வேண்டும்.

வெப்பநிலைக்கு டிஎஸ்18பி20 உணரி ஏற்றது. அதைக் கட்டுப்பாட்டுப் பெட்டிக்குள் வைத்தால் பெட்டியின் சூட்டையே அளக்கும். தொலைநோக்கிக் குழாயில் ஒட்டி, மேலே சிறு பஞ்சுத் துண்டால் மூடுவது முறை.

நிரலும் கணினியும்

கணினியிலுள்ள படப்பிடிப்பு மென்பொருள் நம் கருவியோடு பேச ஒரு பொது மொழி வேண்டும். விண்டோஸில் அது அஸ்காம். 1998இல் பாப் டென்னி தொடங்கிய முயற்சி. லினக்ஸில், ராஸ்பெர்ரி பை உட்பட, இண்டி. இரண்டுக்கும் தனியாக இயக்கி எழுதுவது பெரிய வேலை. அதைத் தவிர்க்க வீட்டில் செய்பவர்கள் நெடுநாளாகப் பயன்படுத்தும் வழி, மூன்லைட் என்ற வணிக ஃபோகசரின் கட்டளை முறையை ஆர்டுயினோவில் பின்பற்றுவது. கணினி அதை மூன்லைட் கருவியாகவே கருதும். ஏற்கெனவே உள்ள இயக்கி அப்படியே வேலை செய்யும்.

அந்த முறை மிக எளிது. ஒவ்வொரு கட்டளையும் முக்காற்புள்ளியில் தொடங்கி, எண்குறியில் முடியும். இடையில் இரண்டு எழுத்துகள். இப்போதைய இடம் என்ன, புதிய இடம் இது, புறப்படு, நில், இன்னும் நகர்கிறாயா, வெப்பநிலை என்ன என்ற ஆறேழு கட்டளைகளுக்குப் பதில் சொல்ல நிரல் தெரிந்தால் போதும். இடம் நான்கு இலக்கப் பதினாறடிமான எண்ணாக அனுப்பப்படுவதால் உச்ச எண் 65,535. மேலே சொன்ன ஒரு மைக்ரான் படி இங்கேதான் இடறும்: உட்குழாய் 80 மி.மீ. நகரக்கூடியது என்றால் 80,000க்கு மேற்பட்ட படிகள் தேவை, எண் போதாது. படியை அளவுக்கு மீறி நுண்மையாக்கக் கூடாது என்பதற்கு இது இன்னொரு காரணம். மைஃபோகசர்புரோ என்ற திறமூலத் திட்டத்தில் முழுமையான நிரலும் சுற்றுப் படங்களும் கிடைக்கின்றன. தாமே எழுத விரும்பாதவர்கள் அங்கிருந்து தொடங்கலாம்.

நிரல் எழுதுபவர் கவனிக்க வேண்டியவை இரண்டு. கணினி சீரியல் போர்ட்டைத் திறந்த கணத்தில் ஆர்டுயினோ நானோ மறுதொடக்கம் ஆகும், இடம் பூச்சியமாகிவிடும். எனவே இடத்தை நிலைநினைவகத்தில் எழுதிவைத்து, தொடங்கும்போது படிக்க வேண்டும். அந்த நினைவகம் ஓர் இடத்தில் ஒரு லட்சம் முறை எழுதவே உத்தரவாதம் உள்ளது. ஒவ்வொரு படிக்கும் எழுதினால் சில நாட்களிலேயே அந்த வரம்பை எட்டிவிடும். மோட்டார் நின்று சில விநாடிகள் கழித்து ஒரு முறை எழுதினால் ஆண்டுக்கணக்கில் வரும்.

தளர்வை அளத்தல்

பட்டறைக்காரர்கள் பிளே என்று சொல்லும் தளர்வு எல்லாப் பற்சக்கர அமைப்பிலும் உண்டு. 28பிஒய்ஜே-48 மோட்டாரில் தாராளமாகவே உண்டு. உள்நோக்கிச் சுற்றிக்கொண்டிருந்த மோட்டாரை வெளிநோக்கித் திருப்பினால், முதல் சில பத்துப் படிகள் பற்களின் இடைவெளியைக் கடக்கவே செலவாகும். எண் மாறும், உட்குழாய் அசையாது. தானியங்கிக் குவியம் சரியாக வராததற்குப் பெரும்பாலும் மோட்டாரோ நிரலோ காரணமல்ல, இதுவே காரணம்.

அளப்பது கடினமில்லை. லேத் பட்டறையில் இருக்கும் டயல் கேஜை உட்குழாயின் முனையில் ஊன்றி, 300 படி உள்ளே செலுத்தி நிறுத்த வேண்டும். பிறகு ஐந்து ஐந்து படியாக வெளியே செலுத்தி, முள் முதன்முதலில் அசையும் வரை எண்ணினால் அதுவே தளர்வு. டயல் கேஜ் கிடைக்காதவர்கள் விண்மீனைக் குவியத்துக்கு வெளியே பெரிய வட்டாக்கி, அதன் அளவு மாறத் தொடங்கும் படியைக் குறித்துக்கொள்ளலாம். இதே சமயத்தில் 2000 படிகளுக்கு உட்குழாய் எவ்வளவு நகர்கிறது என்பதையும் அளந்து, படியின் உண்மையான நீளத்தை உறுதிசெய்துகொள்வது நல்லது.

தளர்வை ஒழிக்க முடியாது, ஏமாற்றலாம். எந்த இடத்துக்குப் போனாலும் இறுதி நகர்வு எப்போதும் ஒரே திசையில் இருக்கும்படி செய்தால், பற்கள் எப்போதும் ஒரே பக்கத்தில் தொட்டுக்கொண்டிருக்கும். எதிர்த் திசையில் போக வேண்டியிருந்தால் இலக்கைத் தாண்டிச் சென்று, அளந்த தளர்வைவிடக் கூடுதலான படிகள் திரும்பி வர வேண்டும். படப்பிடிப்பு மென்பொருள்களில் இதற்கான அமைப்பு உள்ளது. எந்தத் திசையைத் தேர்வது? வில்லைத் தொலைநோக்கி வானத்தை நோக்கும்போது கேமரா கீழே தொங்குகிறது. உள்நோக்கிய நகர்வு அதை மேலே தூக்குகிறது. ஈர்ப்பை எதிர்த்துத் தூக்கும்போது பற்கள் இறுகத் தொட்டிருக்கும் என்பதால், இறுதி நகர்வு உள்நோக்கி இருப்பதே சிறந்தது. நியூட்டன் வகையில் ஃபோகசர் பக்கவாட்டில் இருப்பதால் இந்தத் தருக்கம் குழாயின் நிலைக்கேற்ப மாறும். அங்கே ஒரு திசையைத் தேர்ந்து மாற்றாமல் வைத்திருந்தாலே போதும்.

தானாகக் குவியம் கண்டறிதல்

மோட்டார் இருந்தால் மட்டும் குவியம் தானாக வந்துவிடாது. ரஷ்யப் பொழுதுபோக்கு வானியலாளர் பாவெல் பாஹ்தினோவ் 2005இல் வடிவமைத்த கோடுவெட்டு முகமூடியைத் தொலைநோக்கி முகப்பில் வைத்து, விண்மீனைச் சுற்றித் தெரியும் மூன்று கதிர்களில் நடுக்கதிர் மையத்துக்கு வரும் வரை மோட்டாரை நகர்த்தலாம். திரையைப் பார்த்தபடியே, குழாயைத் தொடாமல் இதைச் செய்ய முடிவதே பெரிய முன்னேற்றம். ஆனால் நள்ளிரவில் முகமூடியை மாட்டிக் கழற்ற ஆள் வேண்டும்.

முழுத் தானியக்கத்துக்கு மென்பொருள் ஒவ்வொரு விண்மீனின் ஒளியில் பாதி எந்த விட்டத்துக்குள் அடங்குகிறது என்று அளக்கிறது. அரையொளி விட்டம் எனப்படும் இந்த எண், குவியத்திலிருந்து விலக விலகச் சீராகக் கூடும். குவியத்துக்கு இருபுறமும் ஒன்பது இடங்களில் படமெடுத்து வரைந்தால் ஆங்கில வி எழுத்து வடிவம் கிடைக்கும். இரு கைகளையும் நீட்டினால் அவை சந்திக்கும் இடமே குவியம். லாரி வெபரும் ஸ்டீவ் பிரேடியும் ஃபோகஸ்மேக்ஸ் மென்பொருளில் பரவலாக்கிய இந்த முறையை, இன்று நினா, ஏகோஸ் போன்ற இலவச மென்பொருள்களும் சிறு மாற்றங்களோடு பின்பற்றுகின்றன. இதன் அழகு, குவியத்தில் எடுத்த ஒற்றைப் படத்தை நம்பாமல், விலகிய இடங்களில் எடுத்த பல படங்களிலிருந்து குவியத்தைக் கணக்கிடுவது. காற்று கலங்கியிருந்தாலும் கைகள் இரண்டும் நேராகவே இருக்கும்.

இரு படங்களுக்கு இடையே எத்தனை படிகள் என்பதை நுண்குவிய மண்டலத்திலிருந்து தொடங்கலாம். எஃப்/5 கருவியில் படி 9.8 மைக்ரான் என்றால் ஏழு முதல் பத்துப் படி இடைவெளி நல்ல தொடக்கம். வளைவின் அடி தட்டையாகவே இருந்து கைகள் எழும்பாவிட்டால் இடைவெளியைக் கூட்ட வேண்டும். எக்ஸ்போஷர் மூன்று முதல் ஆறு விநாடி இருக்கட்டும்; ஒரு விநாடிப் படம் குவியத்தைவிடக் காற்றின் கணநேர அசைவையே அதிகம் காட்டும். வளைவின் ஒரு கை தொடக்கத்தில் மட்டும் தட்டையாகப் படுத்துப் பிறகு எழும்பினால், தளர்வுக்குக் கொடுத்த எண் போதவில்லை என்று பொருள்.

இவ்வாறு கிடைக்கும் ஒவ்வொரு குவிய இடத்தையும் அந்த நேரத்து வெப்பநிலையோடு ஒரு குறிப்பேட்டில் எழுதிவந்தால், சில இரவுகளுக்குப் பிறகு ஒரு பாகைக்கு எத்தனை படிகள் என்ற சரிவு தெளிவாகும். அதை மென்பொருளில் கொடுத்தால், இரு எக்ஸ்போஷர்களுக்கு இடையே மோட்டார் தானே சிறிது நகர்ந்துகொள்ளும். எக்ஸ்போஷர் ஓடும்போது நகரவிடக் கூடாது. சரிவு இன்னும் உறுதியாகாத நாட்களில், வெப்பநிலை ஒரு பாகை மாறும்போதெல்லாம் வி வளைவை மறுபடி எடுக்கும்படி அமைப்பது பாதுகாப்பானது. ஏலகிரி, கொடைக்கானல் போன்ற மலைப்பகுதிகளில் சூரியன் மறைந்த முதல் இரண்டு மணி நேரத்தில் குழாய் வேகமாகக் குளிரும். அப்போது அரை மணிக்கு ஒரு முறையாவது வளைவு தேவைப்படும். கடலோர ஊர்களில் இரவு வெப்பநிலை அவ்வளவு இறங்குவதில்லை. அங்கே பனி படிவதே பெரிய தொல்லை என்பதால், கட்டுப்பாட்டுப் பெட்டியின் வயர் நுழையும் துளைகள் கீழ்நோக்கி இருக்கும்படி பொருத்த வேண்டும்.